வரைபடங்களுக்கும் ஒரு நூலகம் வேண்டும்

டொரான்டோ நகரத்தின் கிழக்குப் புறத்தில், பனிக்காலம் முழுவதும் சாலைகளில் தூவப்படும் உப்பு எந்த வண்டியின் அடித்தகட்டையும் விட்டுவைக்காத ஓரிடத்தில் குடியிருந்துகொண்டு, 1953-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஆஸ்டின் ஏ40 சாமர்செட் வண்டியொன்றை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சில வருஷங்களாகப் பிரயத்தனம் செய்து வருகிறேன். நண்பர்கள் இதைப் பொழுதுபோக்கு என்று கருதுகிறார்கள். அப்படிக் கருதுவதில் பிழையில்லை. ஆனால், இல்லாத உதிரிப் பாகங்களைத் தேடித் தேடி இந்த வேலையைச் செய்துவந்ததில் என் மனத்தில் ஓர் அபிப்பிராயம் திடமாக ஊன்றியிருக்கிறது. யந்திரங்களைச் செய்து விற்கிற ஒரு ஸ்தாபனம், அவற்றுக்குரிய உதிரிப் பாகங்களைச் செய்வதை என்றைக்கு நிறுத்துகிறதோ, அன்றைக்கே அப்பாகங்களின் வரைபடங்களை எவரும் பார்த்துப் பயன்கொள்ளத்தக்க பொது நிலையம் ஒன்றில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சட்டம் விதிக்க வேண்டும் என்பதே அந்த அபிப்பிராயம்.

ஏ40 ஆடம்பர வண்டியன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், டாலர் சம்பாதிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்த பிரிட்டன், ஏற்றுமதி செய்கிறவர்களுக்கே உருக்கு என்று கண்டிப்பாக நடந்துகொண்ட காலத்தில், 1947-ல் டெவன் என்ற உருவத்திலும், பின்னர் 1952 முதல் 1954 வரை சாமர்செட் என்ற உருவத்திலும் அது செய்யப்பட்டது. 1,200 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், தனிச் சேஸிஸின்மேல் அமர்ந்த பாடி, ஸ்டியரிங் தண்டோடு இணைந்த கியர்க் கோல், முன்மூடியின்மேல் சிறகு விரித்த ‘ஏ’ என்ற எழுத்து, இவ்வளவுதான் அதன் அடையாளங்கள். சாமர்செட் மட்டும் 1,73,000-க்கு மேல் செய்யப்பட்டது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய இந்த வண்டிகள், தம்மைச் செய்த தொழிற்சாலையைவிட நீண்டகாலம் உயிரோடிருந்தன. லாங்பிரிட்ஜில் ஹெர்பர்ட் ஆஸ்டின் 1905-ல் தொடங்கிய தொழில் 2005-ல் முடிந்துபோயிற்று.

நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் ‘ஏ போர்ட்டி’ என்ற பெயரை அறியாத வீடு இராது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதுவே வாடகை வண்டி. 1990-ல் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெட்ரோலும் உதிரிப் பாகங்களும் வருவது தடைப்பட்டபோது, அந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கதையாகக் கேட்பவர்கள் அதிசயிப்பதோடு நின்றுவிடுவார்கள். யந்திர நுட்பம் அறிந்தவர்கள் அதன் காரணத்தையும் கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது; ஆவியான பிறகும், அழுத்தம் மிகுந்த எஞ்சினில் காலத்துக்கு முன்பே தீப்பற்றி உள்ளே இடிக்கும். சாமர்செட் எஞ்சினின் அழுத்த விகிதம் 7.2-க்கு 1 என்ற குறைந்த அளவில் இருந்தபடியால் அந்த இடிப்பை அது ஒருவாறு தாங்கிக்கொண்டது. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெண்புகை கக்கக் கக்க ஊருக்கு ஊர் நோயாளிகளை ஏற்றிச் சென்ற சாரதிகளின் சாமர்த்தியத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். வால்வுகளில் கரி படியும். அவற்றையெல்லாம் சீராக்கியவர்கள் லேத் பட்டறைக்காரர்கள். பழைய இரும்பைக் கடைந்து புஷ் செய்தார்கள். லாரி டயரின் ரப்பரை வெட்டி அதிர்வு தாங்கும் மெத்தைகள் செய்தார்கள். ஒரு வண்டியின் உடம்பை அறுத்து இன்னொரு வண்டியைப் பிழைக்க வைத்தார்கள். அவர்கள் கையில் தொழிற்சாலையின் வரைபடம் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் அவர்கள் செய்த வேலை எவ்வளவு மேலானதாக, எவ்வளவு அபாயமற்றதாக இருந்திருக்கும் என்பதை, இன்று அதே வேலையைச் செய்யும்போதுதான் நான் முழுமையாக உணர்கிறேன்.

அந்த அபாயம் இன்னதென்று ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின் என்ற உருக்குத் தண்டு தேய்ந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புதியது எங்கும் கிடைக்கவில்லை. தேய்ந்ததைக் கழற்றி மைக்ரோமீட்டரால் அளந்தால் என்ன தெரியும்? அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். தேயாத பகுதி எங்கேனும் மிஞ்சியிருந்தால் ஆதியில் இருந்த பருமனையும் ஏறக்குறைய ஊகிக்கலாம். ஆனால் தண்டுக்கும் அது சுழலும் புஷ்ஷுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி எவ்வளவு, அந்த அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வை அனுமதிக்கலாம், உருக்கில் என்னென்ன உலோகங்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன, மேற்பரப்பு எவ்வளவு ஆழத்துக்குக் கெட்டியாக்கப்பட்டிருக்கிறது என்பவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. மேற்பரப்பு கெட்டியாகவும் உள்ளே நெகிழ்வு உடையதாகவும் இருக்கவேண்டிய தண்டை, விவரம் அறியாத ஒருவர் முழுவதுமே கெட்டியாக்கிவிட்டால், பார்வைக்கு மூலத்தின் அச்சாகவே இருக்கும் அந்தத் தண்டு ஒருநாள் நெடுஞ்சாலையில் முறிந்துபோகும். இந்த விவரங்கள் அனைத்தும் தொழிற்சாலையின் வரைபடத்தில், ஒரு மூலையில், சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சில வரிகளுக்காகவே நான் வாதாடுகிறேன்.

மற்றச் சிரமங்கள் உழைப்பாலும் பணத்தாலும் தீரக்கூடியவை. அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றின் மரை விட்வர்த் முறையைச் சேர்ந்தது. அதன் கோணம் 55 பாகை. வட அமெரிக்க முறையின் கோணமோ 60 பாகை. ஆகவே இவ்வூர்க் கடையில் வாங்கிய நட்டை அந்தப் போல்ட்டில் வலிந்து ஏற்றினால் இரண்டும் கெடும், ஸ்பேனர்கூடப் பொருந்தாது. இதற்கென்று ஒரு தனிக் கருவிப்பெட்டி சேர்த்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது. துருவேறிப் பள்ளம் விழுந்த பிரேக் சிலிண்டரைக் கடைந்து, உள்ளே துருப்பிடிக்காத உருக்கினால் ஆன உறையொன்றை இறுக்கிப் பொருத்தி, பழைய துளையின் அளவுக்கே மீட்டுவிடலாம். பக்கக் கண்ணாடிகளை எந்தக் கண்ணாடிக்காரரும் வெட்டித் தருவார். துருப்பிடித்த தகட்டுக்குப் புதுத் தகடு வளைத்து ஒட்டலாம். ஒண்டாரியோ மாகாணத்தில் 30 வருஷத்துக்கு மேற்பட்ட, பெருமளவில் மாற்றப்படாத வண்டிகளுக்கு வரலாற்று வாகனம் என்ற தனி எண்பலகை தருகிறார்கள். அரசாங்கத்தாரின் நல்லெண்ணத்துக்கு அது சாட்சி. குறைவது அறிவுதான், அதுவும் முன்னே இருந்து, பின்னே தொலைக்கப்பட்ட அறிவு.

இதே ஆஸ்டினோடு 1952-ல் ஒரே ஸ்தாபனமாக இணைந்த மாரிஸ் கம்பெனியின் மைனர் வண்டியைப் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த அந்த வண்டிக்கு இன்று ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் கிடைக்கின்றன. பதினாறு லட்சம் வண்டிகள் செய்யப்பட்டது ஒரு காரணம் என்பது மெய்யே. ஆனால் அது மட்டும் காரணமன்று. பழைய வீடுகளைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வேர் என்பவர், பாத் நகரத்தில் மைனர் வண்டிகளுக்கென்றே ஒரு நிலையம் அமைத்து, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பழைய வண்டி, விலை இறங்கிக்கொண்டே போகும் புது வண்டியைவிடச் சிக்கனமானது என்று கணக்கெழுதி ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் தொண்ணூறுகளில் அவர் இலங்கையில் உள்ள தொழிலாளரோடு சேர்ந்து மைனர் வண்டியின் பாகங்களை அங்கே செய்வித்து இங்கிலாந்துக்குத் தருவிக்கலானார். எந்தத் தீவுக்கு இங்கிலாந்து ஒரு காலத்தில் வண்டிகளை அனுப்பியதோ, அந்தத் தீவின் கைவினைஞர்கள் அடித்துக்கொடுத்த தகடுகள் இங்கிலாந்தின் வண்டிகளைத் தாங்கின. இதற்கு முன்பே, பிரிட்டிஷ் லேலண்ட் ஸ்தாபனம் 1975-ல் தன் பழைய வண்டிகளுக்காகத் தோற்றுவித்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற பிரிவு, தப்பிப் பிழைத்த ஆதி அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-ல் எம்.ஜி.பி. வண்டியின் முழுக் கூட்டையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஒரே குடும்பத்தில் பிறந்த வண்டிகளில் சில வாழ்வதும் சில மாய்வதும் அவற்றின் தரத்தால் நிகழ்வதில்லை. எவற்றின் அச்சும் வரைபடமும் எவர் கையிலோ அகஸ்மாத்தாக மிஞ்சின என்பதால் நிகழ்கிறது. இந்த அகஸ்மாத்தை நம்பியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வரைபடங்களைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு என் ஏ40 வண்டியே சாட்சி சொல்லும். 1952 டிசம்பரில் ஆஸ்டின் ஸ்தாபனத்தார் ஜப்பானின் நிஸ்ஸான் ஸ்தாபனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பாகங்களாக அனுப்பப்பட்ட ஏ40 வண்டிகளை நிஸ்ஸான் பூட்டி விற்பது, மூன்று வருஷத்துக்குள் எல்லாப் பாகங்களையும் ஜப்பானிலேயே செய்துகொள்வது என்பன அதன் நிபந்தனைகள். அந்த இலக்கை நிஸ்ஸான் எட்டியது; ஏ40-க்குப் பின் ஏ50 கேம்பிரிட்ஜையும் செய்தது; அந்தப் பயிற்சி அதன் சொந்த வண்டிகளுக்கு அஸ்திவாரமாயிற்று. யுத்தத்தில் அழிந்து கிடந்த ஒரு தேசத்தின் தொழிலாளர், முறையான வரைபடமும் விளக்கமும் கையில் கிடைத்ததும் சில வருஷங்களுக்குள் என்ன செய்யவல்லவர்கள் என்பதை உலகம் கண்டது. அவர்களுக்குச் சற்றும் குறையாத கை வண்ணம் கொண்ட யாழ்ப்பாணத்துப் பட்டறைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

லாங்பிரிட்ஜ் தொழிற்சாலை, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், பிரிட்டிஷ் லேலண்ட், ரோவர், பி.எம்.டபிள்யூ. என்று கை மாறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும், நடப்பில் உள்ள வண்டியின் காகிதங்களுக்கு மதிப்புண்டு. நின்றுபோன வண்டியின் காகிதங்கள் இடத்தை அடைக்கும் சுமை. விற்பவனும் வாங்குபவனும் பேரம் பேசுவது பெயருக்குத்தான். இந்தியாவின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை வெளிவந்த அம்பாசடர் வண்டியின் பெயரை 2017-ல் பிரெஞ்சு ஸ்தாபனம் ஒன்று 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு அவ்வளவு விலை கொடுக்க ஆளிருக்கும் உலகத்தில், சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைக் காக்கிற வரைபடங்களைக் கேட்க ஒருவரும் இல்லை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதன் பின் கெஸலும் செய்த தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவற்றைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள், பழைய கடைகளின் மூலைகளில் கிடக்கும் இருப்பையும், உடைக்கப்பட்ட வண்டிகளையும் நம்பியே காலம் தள்ளுகிறார்கள். இந்திய அரசு 2021-ல் 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் பதிவெண் கொடுத்த வண்டிக்குப் பிரேக் வேண்டாமா?

சட்டம் இந்தத் துறையில் அடியோடு உறங்கவில்லை. மாரிஸ் மெரினா வண்டிக்குப் புகைக்குழாய் செய்து விற்ற ஆம்ஸ்ட்ராங் என்ற ஸ்தாபனத்தின்மேல், குழாயின் வரைபடத்துக்குத் தனக்குப் பதிப்புரிமை உண்டு என்று பிரிட்டிஷ் லேலண்ட் தொடுத்த வழக்கில், 1986-ல் பிரபுக்கள் சபை ஒரு சிறந்த தீர்ப்பை அளித்தது. வண்டியை விற்றவன், வாங்கியவன் அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமையின் பெயரால் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம், வண்டியின் வெளித்தோற்றத்தைப் பழையபடி ஆக்குவதற்கு வேண்டிய பாகங்களைப் பிறரும் செய்ய இடங்கொடுத்து வடிவுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அதே வருஷம் நவம்பரில் கனடாவின் பாராளுமன்றம், பழுதுபார்ப்பதற்காக மென்பொருளின் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்தது. இம்மூன்றும் நல்லவை, ஆயினும் மூன்றும் தடையை நீக்குகின்றனவேயொழிய எதையும் கையில் கொடுப்பதில்லை. செய்துகொள், உன்னைத் தண்டிக்கமாட்டோம் என்று சொல்வது ஒன்று. எப்படிச் செய்வது என்று காட்டுவது வேறொன்று.

நான் கேட்பது புதுமையானதும் அன்று. இந்தியாவில் 1954-ல் இயற்றிய சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கும் போய்ச் சேரவேண்டும். பதிப்பாளர்கள் இதனால் பாழாகிவிடவில்லை. நூலாசிரியனும் பதிப்பகமும் மறைந்த பின்னும் நூல் பிழைத்திருக்க வேண்டும் என்று சமூகம் கருதியதால் ஏற்பட்ட ஏற்பாடு அது. புதிய யந்திரம் சந்தைக்கு வரும்போதே அதன் வரைபடங்கள் முத்திரையிட்டு ஒரு களஞ்சியத்தில் ஒப்படைக்கப்படட்டும். பாகங்களை ஸ்தாபனம் தொடர்ந்து செய்து விற்றுக்கொண்டிருக்கும்வரை முத்திரை உடைய வேண்டாம். நிறுத்திய அன்று, அல்லது ஸ்தாபனமே கலைந்த அன்று, அது திறக்கட்டும். வியாபார ரகசியம் வெளியாகிவிடும் என்பார்கள். தானே விற்க விரும்பாத ஒரு பொருளைப் பற்றிய ரகசியத்தால் ஒருவருக்கு என்ன லாபம்? புதுக் கண்டுபிடிப்புக்குக்கூட, அதன் விவரத்தை வெளியிட்டால்தான் 20 வருஷத்துக்குக் காப்புரிமை தருகிறோம். கண்ட கண்ட பட்டறைகள் பாகம் செய்தால் உயிருக்கு ஆபத்து என்பார்கள். பட்டறைகள் இப்பொழுதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன, ஊகத்தை நம்பி. கிங் பின் முறிவது வரைபடம் இருப்பதாலா, இல்லாததாலா?

செல்வந்தரின் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முந்நூறுக்கும் குறைவாகவே செய்யப்பட்ட 959 என்ற வண்டியின் கிளச்சுக்குரிய நெம்புகோல் தீர்ந்துபோனபோது, போர்ஷே ஸ்தாபனம் 2018-ல் உருக்குப் பொடியை லேசர் ஒளியால் உருக்கிப் படலம் படலமாக அதைப் புதிதாக அச்சிட்டுக் காட்டியது. வரைபடம் இருந்தால் ஒரே ஒரு பாகத்தைக்கூடச் செய்துகொள்ளலாம் என்னும் நிலையை இன்றைய யந்திரக்கலை எய்திவிட்டது. ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. மாகாணத்துக்கு ஒரு நல்ல பட்டறை இருந்தால் போதும்.

இதையெல்லாம் பழைய வண்டிப் பைத்தியத்தின் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள், இன்று தாங்கள் வாங்கும் வண்டியை நினைத்துப் பார்க்கவேண்டும். என் சாமர்செட்டில் உள்ளவை இரும்பும் செம்பும் ரப்பரும். பொறுமையுள்ள ஒருவர் அவற்றைக் கழற்றிப் பார்த்து ஒருவாறு புரிந்துகொள்ளலாம். இன்றைய வண்டி மென்பொருளால் இயங்குகிறது. அதைக் கழற்றிப் பார்க்க இயலாது. 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்வண்டி ஸ்தாபனம் திவாலானபோது, புது மணம் மாறாத வண்டிகளை வைத்திருந்தவர்கள், மென்பொருளுக்கும் பாகங்களுக்கும் போக்கிடமின்றித் தாங்களே சங்கம் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. எழுபது வருஷத்துப் பழைய வண்டிக்காரன் படும் பாட்டைப் புது வண்டிக்காரர்கள் உடனே பட்டார்கள். ஆகவே ஒப்படைக்க வேண்டியவற்றில் மென்பொருளின் மூலமும் அதைத் திறக்கும் சாவியும் அடங்கவேண்டும். இல்லாவிடில் இந்தத் தலைமுறையின் வண்டிகளில் ஒன்றையேனும் நம் பேரர்கள் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை.

சட்டம் வரக் காலமாகும்; அதற்காகக் காத்திராமல் தமிழர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தடைக்காலத்தில் ஏ40 வண்டிகளை ஓடவைத்த யாழ்ப்பாணத்துப் பட்டறைக்காரர்களில் பலர் முதுமை அடைந்துவிட்டார்கள். எந்தப் பாகத்துக்கு எந்த வண்டியின் பாகம் பொருந்தும், எந்த உருக்கு நிலைத்தது, எது முறிந்தது என்ற அறிவு அவர்களுடைய கையிலும் நினைவிலும் மட்டும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனமும் இருக்கிறது. பீடத்து மாணவர்கள் அந்த முதியவர்களிடம் சென்று, கிங் பின், பிரேக் சிலிண்டர், தண்ணீர் பம்பின் தண்டு என்று உயிருக்கும் ஓட்டத்துக்கும் முதன்மையான பாகங்களிலிருந்து தொடங்கி, அளந்து, உலோகத்தைப் பரிசோதித்து, வரைந்து, செய்தவர்களின் பெயரோடு அந்த நூலகத்தில் சேர்க்கட்டும். அதற்கு வேண்டிய செலவைக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நாங்கள் ஏற்றுக்கொள்ள முடியும். என் பங்கைத் தர நான் தயாராக இருக்கிறேன்.